41 பிள்ளைக்கு ஒரே ஆசிரியை: ஸ்மார்ட் போர்டு வாங்கலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் நான். தோட்டங்களை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களால் இரண்டாம் ஆண்டில் 41 பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை. சங்கத்தில் 9,000 வெள்ளி இருக்கிறது. ஸ்மார்ட் போர்டும் '30 நாளில் வாசிப்பு' தொகுப்பும் தருவதாக ஓர் ஏஜெண்டு சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஏஜெண்டு காட்டும் 'கல்வி இலாகா அங்கீகாரக் கடிதத்தை' கையில் வாங்கி முழுதாகப் படியுங்கள். பல சமயம் 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்பதைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது. இரண்டாம் வருடம் மென்பொருள் சந்தா யார் கட்டுவது, போர்டு பழுதானால் எங்கிருந்து ஆள் வருவார் என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

முதலில் யாருக்கு எதுவரை தெரியும் என்று பார்க்க வேண்டும். ஒரு தாளில் ஐந்து எழுத்து, ஐந்து சொல், நாலு வாக்கியம், ஒரு குட்டிக் கதை. தனித்தனியாகக் கூப்பிட்டு வாசிக்க வைத்தால் ஆளுக்கு 3 நிமிடம். தினம் ஒன்பது பேர் என்றால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். எழுத்துகளை வரிசை மாற்றிக் கேட்பது முக்கியம். 'க கா கி கீ' என்று பாட்டாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு 'கூ'வை மட்டும் காட்டினால், உதடு அசைய 'க'விலிருந்து எண்ணிக்கொண்டு வரும். 'கெ', 'கே', 'கை' இன்னும் சிக்கல். குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது.

அடுத்து, இரண்டாம், மூன்றாம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்தில் தினம் ஒன்றை ஒரே நேரத்தில் வைக்கத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அந்த அரை மணி மட்டும் ஆண்டு பார்க்காமல், எழுத்திலும் சொல்லிலும் தடுமாறுபவர்கள் ஓர் ஆசிரியரிடம், மற்றவர்கள் இன்னொருவரிடம். இந்தியாவில் 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பு செய்வது இதைத்தான். 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சோதித்துப் பலன் கண்ட முறை. தடுமாறும் குழுவை அனுபவசாலியிடம் கொடுங்கள். தற்காலிக ஆசிரியர் தலையில் கட்டுவதுதான் வழக்கம், அங்கேதான் காரியம் கெடுகிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து ஆளை மாற்றாவிட்டால் 'மக்குக் குழு' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

ஏ4 பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளை அட்டை, ஒரு மார்க்கர், ஒரு துணி. இப்படி 41 செட். சில நூறு வெள்ளியில் அடங்கிவிடும். ஆசிரியை சொல்லைச் சொன்னதும் எழுதி, கவிழ்த்து வைத்து, 'காட்டு' என்றதும் எல்லாரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். கவிழ்க்காவிட்டால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் எழுதும். கோரஸாக 'ஆமாம் டீச்சர்' சொல்வதில் ஒளிந்துகொள்ளும் பிள்ளை இதில் ஒளிய முடியாது. மீதிப் பணத்தில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் வாங்குங்கள்.

2021இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆரை எடுத்தார்கள், நல்லதுதான். ஆனால் 41 பேருக்கும் பாடத்துக்குப் பாடம் டிபி (1 முதல் 6 வரையிலான தேர்ச்சி நிலை) பதிய வைத்தால் ஆசிரியை என்ன செய்வார்? எல்லாருக்கும் டிபி 3 போட்டுவிட்டு மூச்சு விடுவார். பதிவைக் கேட்பவர்களுக்கும் அதுவே வசதி.

ஒரு விதிவிலக்கு. முதல் சோதனையிலும் ஆறு வாரம் கழித்து வைக்கும் சோதனையிலும் அடியிலேயே நிற்கும் பிள்ளையை மறுபடி அதே குழுவில் தள்ளுமுன் கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதத் திணறி, புத்தகத்தை மூக்கருகில் வைத்து வாசித்தால் கண். ஆசிரியை முகம் பார்த்துப் பேசினால் பதில் வந்து, திரும்பி நின்று பேசும்போது வராவிட்டால் காது. சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருந்தால் ஒரு வாரம் நன்றாகவும் மறுவாரம் மந்தமாகவும் இருக்கும், அதனால் ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெற்றோரிடம் சொல்லி அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.