சிறப்புத் தேவையுள்ள மாணவர்களும் மரம் செடிகளும்: கேள்வி பதில்

கேள்வி: மேடம், பார்வையற்ற மாணவர்களுக்குப் பள்ளி வளாகத்திலேயே மரங்களைக் காட்டுகிறேன். ஐந்து நிமிடத்தில் ஆர்வம் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒரே நாளில் பத்து மரம் என்றால் எதுவும் மனதில் நிற்காது. தொட்டதும் வேறுபாடு தெரிகிற இரண்டே மரம் போதும். வேம்பும் கொய்யாவும் நல்ல ஜோடி. வேப்பம்பட்டை வெடிப்பு வெடிப்பாகச் சொரசொரக்கும். கொய்யா வழவழவென்றிருக்கும், உரிகிற இடத்தில் மெல்லிய ஏடு விரலோடு வரும். முதலில் அடிமரத்தைக் கட்டிப்பிடித்துப் பருமனை அளக்கட்டும். பிறகு பட்டை, வேர் மண்ணுக்குள் இறங்கும் இடம், கடைசியில் இலை. பவழமல்லி இலை கிடைத்தால் விடாதீர்கள், உப்புத்தாள் போலச் சுரசுரக்கும். வாசனைக்குத் துளசி, கற்பூரவள்ளி, எலுமிச்சைப்புல் என்று மூன்றோடு நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் வாசனைகள் குழம்பிவிடும்.

பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து எதன்மீதும் வைக்காதீர்கள். உங்கள் கை அடியில், அவர்கள் கை மேலே இருக்கட்டும். வேண்டாமென்றால் உடனே எடுத்துக்கொள்ள முடியும். ஒருமுறை பலவந்தமாகத் தொடவைத்தால் அடுத்த வாரம் விரலை மடக்கிக்கொண்டுதான் வருவார்கள். ஆர்வம் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், கவனித்துப் பாருங்கள்.

வழிகாட்ட மாணவர்களின் இடுப்பு உயரத்தில் கயிறு கட்டுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டடி முன்னால் ஒரு முடிச்சு போட்டால் அவர்களே நின்றுகொள்வார்கள். வெள்ளைக்கோல் தரையில் இருப்பதைத்தான் சொல்லும், முகத்துக்கு நேரே நீட்டியிருக்கும் கிளையைச் சொல்லாது. அதை முதல் நாளே நடந்து பார்த்து வெட்டிவிடுங்கள். எருக்கு, அரளி, ஊமத்தை, குன்றிமணி இருக்கும் பக்கம் கயிறு போகவே கூடாது. எருக்கம்பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் பார்வைக்கே ஆபத்து.

கேள்வி: ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கும் இதுவேதானா?

பதில்: இதோடு ஒரு கறுப்பு அட்டையும் எடுத்துப் போங்கள். வெளிர்நிற இலையையோ பூவையோ அதன்மேல் வைத்தால் விளிம்பு துலங்கும். வெயில் அவர்கள் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும்.

கேள்வி: சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவிக்குத் தோட்ட வேலை கொடுக்க ஆசை. மேடை எவ்வளவு உயரம் கட்ட வேண்டும்?

பதில்: முழு மேடையாகக் கட்டாதீர்கள், கால் உள்ளே நுழைய இடமிருக்காது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வேலை செய்தால் அரை மணியில் இடுப்பு வலிக்கும். மேசை மாதிரி கால் வைத்த தட்டுதான் சரி. மாணவியை நாற்காலியில் உட்காரவைத்து முட்டியின் உயரத்தை அளந்து, அதற்கு மேல் 5 செ.மீ. விட்டுத் தட்டின் அடிப்பாகம் வரட்டும். தட்டின் ஆழம் 15 செ.மீ. இருந்தால் முளைக்கீரைக்கும் வெந்தயத்துக்கும் தாராளம். அகலம் அவர் கையெட்டும் அளவுக்குள் இருக்கட்டும், 50 செ.மீ. பலருக்கும் சரியாக வரும். தென்னைநார்க்கழிவு கலந்தால் எடை குறையும். அடியில் வடிகால் துளை அவசியம், ஆனால் துளை மடிமேல் சொட்டாதபடி பின்பக்கமாகப் போடுங்கள்.

பாதை 120 செ.மீ. அகலம், சாய்வு 1:12க்கு மேல், அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றத்துக்கு மேல், செங்குத்தாக வேண்டாம். சரளைக்கல் கொட்டாதீர்கள், முன்சக்கரம் புதைந்து நாற்காலி குப்புறச் சாயும்.

முதுகுத்தண்டுப் பிளவு (ஸ்பைனா பிஃபிடா, பிறவியிலேயே முதுகுத்தண்டு சரியாக மூடாத நிலை) உள்ள மாணவி என்றால் இன்னும் இரண்டு விஷயம். காலில் உணர்ச்சி குறைவாக இருக்கும், வெயிலில் காய்ந்த இரும்புத் தட்டு தொடையில் பட்டுப் புண்ணானாலும் தெரியாது. அதனால் மரத்தட்டு வையுங்கள். இவர்களில் பலருக்கு ரப்பர் ஒவ்வாமையும் உண்டு. ரப்பர் கையுறை கொடுக்காதீர்கள். களைக்கொத்தின் பிடியைத் தடிமனாக்க ரப்பர் டியூபுக்குப் பதில் பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம், ஒன்பது வயது. பூங்காவுக்குப் போனாலே காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். கட்டாயப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம்மா. சத்தம் அவனுக்கு நிஜமாகவே வலிக்கிறது. கூட்டமில்லாத காலை நேரமாகப் பார்த்து, எப்போதும் ஒரே மரத்துக்கு, ஒரே வழியில் போங்கள். முதல் நாள் இரவே நான்கு படம் வரிசையாகக் காட்டுங்கள்: வாசல், மரம், தண்ணீர் குடிப்பது, வீடு. வீடு என்ற கடைசிப் படம்தான் முக்கியம். எப்போது முடியும் என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். பத்து நிமிடத்தில், அவன் நன்றாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். அழும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினால், அழுதால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று பழகிவிடும். புல் பிடிக்கவில்லையா, செருப்பைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

கேள்வி: செவித்திறன் குறைந்த மாணவர்கள் வெளியே போனால் நான் சொல்வதைக் கவனிப்பதில்லை சகோதரி.

பதில்: பூவைக் காட்டிக்கொண்டே பேசுகிறீர்களா? அவர்களால் பூவையும் உங்கள் உதட்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது சார். முதலில் சொல்லுங்கள் அல்லது சைகை செய்யுங்கள். பிறகு அமைதியாக இருந்து பார்க்க விடுங்கள். பார்த்து நிமிர்ந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். சூரியன் உங்கள் முகத்தில் பட நில்லுங்கள், முதுகுக்குப் பின்னால் இருந்தால் உதடு நிழலாகிவிடும். அரைவட்டமாக நிற்கவையுங்கள்.

கேள்வி: சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போக முடியுமா?

பதில்: சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். மழைக்காலமென்றால் ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்து வரட்டும். மரப்பாதையை விட்டு மணலில் இறங்கினால் நாற்காலியைத் தள்ளாதீர்கள். பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னால் போகும்படி இருவர் இழுங்கள்.