எம்41.14: மெடிக்கல் கோடிங் படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் தேறிய தங்கள் மகள், மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காததால், நோய்களுக்கு உரிய குறியீட்டை இடும் பணியான மெடிக்கல் கோடிங் படிக்க விரும்புவதையும், கணினியில் எண்களைத் தட்டும் வேலைக்கு இவ்வளவு கட்டணமா என்று தாங்கள் தயங்குவதையும் எழுதியிருந்தீர்கள். பள்ளிப் பருவத்தில், முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸுக்காக உடலைத் தாங்கும் பிரேஸ் அணிந்தவர் என்பதால், உட்கார்ந்தே செய்யும் வேலை அவர் முதுகுக்கு ஒத்துவருமா என்றும் கேட்டிருந்தீர்கள். பின்னதற்கு அவருடைய எலும்பு மருத்துவரின் சொல்லே முடிவானது. காரணம் அறியப்படாத வளைவு உட்காரும் விதத்தாலோ புத்தகப் பையாலோ வருவதில்லை என்பதை மட்டும் தங்கள் மன அமைதிக்காகச் சொல்லிவைக்கிறேன். முன்னதற்கு, அவருக்கு வந்த அந்த நோயைக் கொண்டே பதில் சொல்வது எளிது.

மருத்துவச் செலவை ஏற்கும் மெடிக்கல் எய்டுக்குப் போகும் பில்லில் நோயைக் குறிக்கும் குறியீடு இருந்தாக வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதி. தென்னாப்பிரிக்காவில் அதற்குப் பயன்படுவது உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-10. அதில் ஸ்கோலியோசிஸுக்கு உரிய தலைப்பு எம்41. ஆனால் அதோடு நிறுத்திவிட முடியாது. 'எம்' எழுத்தையும் சேர்த்து எண்ணினால், நான்காம் இலக்கம் வளைவின் வகையைச் சொல்லும்: காரணம் தெரியாமல் மழலைப் பருவத்தில் வந்தால் 0, சிறுவர் பருவத்திலோ வளரிளம் பருவத்திலோ வந்தால் 1, நரம்பு அல்லது தசை நோயின் விளைவானால் 4, வகை குறிப்பிடப்படாவிட்டால் 9. ஐந்தாம் இலக்கம் இடத்தைச் சொல்லும்: கழுத்துக்கு 2, மார்புப் பகுதிக்கு 4, இடுப்புப் பகுதிக்கு 6. ஆக, 13 வயதில் காரணம் தெரியாமல் மார்புப் பகுதியில் வந்த வளைவு எம்41.14. மருத்துவர் 'ஸ்கோலியோசிஸ்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருந்தால் கோடருக்கு மிஞ்சுவது எம்41.99, வகையும் தெரியாது, இடமும் தெரியாது என்று அதற்குப் பொருள்.

இந்த இடைவெளியை நிரப்புவதில்தான் வேலையின் கடினமும் சுவையும் இருக்கின்றன. பிறவியிலேயே ஒரு முள்ளெலும்பு பாதி மட்டும் உருவாகி, அதனால் முதுகு வளைந்திருந்தால் அது எம்41-க்குள் வராது, க்யூ76.3-க்குப் போகும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் வளைவுக்கு எம்41.4 வரிசையோடு, அதற்கு அடிப்படையான நோயைக் குறிக்கும் ஜி80-யும் சேர வேண்டும். புற்றுநோய்க்கான கதிர்வீச்சுக்குப் பின் வந்தால் எம்96.5. வெளிப்பார்வைக்கு மூன்றுமே ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியலாம். எது எது என்பதை மருத்துவரின் குறிப்பே சொல்ல வேண்டும். அது சொல்லாத இடத்தில் கோடர் ஊகித்து நிரப்பக் கூடாது, மருத்துவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். 'ஸ்கோலியோசிஸாக இருக்கலாம்' என்று மட்டும் எழுதியிருந்தால் எம்41 போடுவதற்கில்லை. உறுதியாகும் வரை முதுகுவலி போன்ற அறிகுறிக்கு உரிய குறியீடுதான். பெரிய மருத்துவரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேள்வி கேட்கும் துணிவு தங்கள் மகளிடம் இருக்கிறதா என்பதை, அவருடைய கணித மதிப்பெண்ணை விட முக்கியமாகக் கருதுகிறேன்.

குறியீட்டில் அடங்காதவையும் உண்டு. 1948இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் வகுத்த முறைப்படி அளக்கும் கோணம் 10 டிகிரியாவது இருந்தால்தான் அந்த வளைவு ஸ்கோலியோசிஸ் எனப்படும். ஆனால் 12 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் குறியீடு ஒன்றே. வலப்புற வளைவா இடப்புறமா என்பதற்கும் அதில் இடமில்லை. பிரேஸுக்கோ அறுவை சிகிச்சைக்கோ மெடிக்கல் எய்டிடம் முன் அனுமதி கேட்கும்போது இந்த விவரங்களையெல்லாம் மருத்துவரின் கடிதம்தான் சுமக்கிறது. கடிதத்தில் கோணமும் எக்ஸ்ரே எடுத்த நாளும் விடுபட்டிருப்பதைக் கண்டு, அனுப்பும் முன்பே கேட்டு வாங்கும் கோடரை எந்த அலுவலகமும் எளிதில் இழக்க விரும்பாது.

இதில் மகளுக்கு நாட்டமுண்டா என்பதைச் செலவில்லாமலே சோதிக்கலாம். இங்கு நடப்பிலுள்ள குறியீடுகளின் முழு அட்டவணையைத் தேசியச் சுகாதாரத் துறை இலவசமாகவே வெளியிடுகிறது. தம் பழைய மருத்துவக் கடிதங்களை வைத்துக்கொண்டு, அந்த அட்டவணையில் உரிய குறியீட்டை அவரே தேடிப் பார்க்கட்டும். அரை மணி நேரத்தில் சலிப்புத் தட்டினால் இந்தத் துறை வேண்டாம். ஏன் 4, ஏன் 6 இல்லை என்று வாதாடத் தொடங்கினால் தயங்காமல் சேர்க்கலாம்.

படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. இணைய விளம்பரங்களில் வருபவற்றில் பல, அமெரிக்கத் தேர்வுக்கான பயிற்சிகள். அமெரிக்கர்கள் ஐசிடி-10-ஐத் தம் தேவைக்கேற்ப விரித்து, ஏழாம் இலக்கம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். மேலே சொன்ன வளைவு, அங்கே சிறுவர் பருவத்தில் வந்ததானால் எம்41.114, வளரிளம் பருவத்தில் வந்ததானால் எம்41.124. அதை மட்டும் கற்றுக்கொண்டு டர்பனில் ஒரு மருத்துவரின் பில்லிங் மேசையில் உட்கார்ந்தால் முதல் நாளே தடுமாற நேரும். உள்ளூர் முறையை முதலில் கற்று, அமெரிக்கச் சான்றிதழைப் பின்னர் சேர்த்துக்கொள்வதே என் பரிந்துரை. அந்தச் சான்றிதழும் அனுபவமில்லாதவருக்குப் பயிற்சி நிலைப் பட்டமாகத்தான் முதலில் கிடைக்கிறது. கட்டணம் கட்டும் முன், அந்தத் தகுதி, தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையமான 'சாக்வா'வில் பதிவானதா என்றும், நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரம் உண்டா என்றும் தாங்களே சரிபாருங்கள். கல்லூரி காட்டும் நகலை மட்டும் நம்ப வேண்டாம்.

கணினி நிரல்கள் இந்த வேலையை விழுங்கிவிடுமோ என்ற அச்சம் வீண் அச்சமன்று. சளிக்கும் காய்ச்சலுக்கும் குறியீடு போட இனி ஆள் தேவைப்படுவது குறையும். மெடிக்கல் எய்ட் நிராகரித்த பில் கோரிக்கையை அலசுவதும், ஒரே நோயாளிக்குப் பல நோய்கள் இருக்கையில் எது முதன்மை என்று முடிவெடுப்பதும் அவ்வளவு விரைவில் கைமாறா என்பது என் கணிப்பு. அந்த இடத்துக்கு நேராகப் போக முடியாது. டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ ஒரு மருத்துவரின் வரவேற்பு மேசையில் பகுதி நேர வேலை கிடைத்தால், சம்பளம் குறைவு என்று மறுத்துவிடாதீர்கள். சேரும்போதே, திரும்பி வரும் கோரிக்கைகளைப் பார்க்கும் பொறுப்பைத் தமக்குத் தரும்படி மகள் கேட்டுப் பெறட்டும். படிப்பை அதனோடு சேர்த்தே மாலை வகுப்பாகத் தொடரலாம்.