ஒரு சாளையை மேசையில் வையுங்கள்

அன்புள்ள ஐயா,

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சொந்த ஊர் மார்த்தாண்டத்துக்கும் உள்ளே, ரப்பர் தோட்டப் பக்கம். கடலை வேடிக்கை பார்த்ததோடு சரி. வகுப்பில் பாதிக்குமேல் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். போன மாதம் கடல் பாதுகாப்பு பற்றி ஒரு வீடியோ போட்டுக் காட்டினேன். பவளப்பாறை வெளுத்துப்போவது, வலையில் சிக்கிச் சாகும் ஆமை, மீன்வளம் அழிவது என்று போயிற்று. முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், எங்க அப்பா மீன் பிடிக்கிறது தப்பா?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன், ஆனால் அவள் முகம் தெளியவில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கடலை எங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது? கடலே தெரியாத நான் சொல்லலாமா?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை (பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தாராளமாகச் சொல்லலாம். உங்களுக்குத் தெரியாது என்பதைப் பிள்ளைகளிடமே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கடற்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தங்களுக்குத் தெரிந்ததை யாராவது கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை. நானும் அப்படி ஒரு வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். நாலு வயதிலேயே அயிலைக்கும் சூரைக்கும் வித்தியாசம் தெரிந்த எங்களுக்குப் புத்தகத்தில் இருந்த மீன் படத்தைக் காட்டி 'இது மீன்' என்று சொன்னார்கள். மீனுக்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு, பேசாமல் இரு என்று பதில் வந்தது. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

வீடியோவை இப்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள். காலையில் பள்ளிக்கு வரும் வழியில் பத்து சாளை (மத்தி மீன்) வாங்கிக்கொள்ளுங்கள், நாலு பிள்ளைக்கு ஒன்று கணக்கு. பழைய செய்தித்தாளை விரித்து மேசையில் வையுங்கள். முதுகு ஏன் கரும்பச்சையாக இருக்கிறது, வயிறு ஏன் வெள்ளியாக மினுங்குகிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். மேலிருந்து பார்க்கிற பறவைக்கு அது இருண்ட தண்ணீரோடு தண்ணீராகத் தெரியும், கீழிருந்து பார்க்கிற பெரிய மீனுக்கு வெளிச்சத்தோடு வெளிச்சமாகத் தெரியும் என்பதை யாராவது ஒரு பிள்ளை எட்டிப்பிடித்துவிடும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அப்புறம் செவுள் மூடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே மெல்லிய சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக வரிசை இருக்கும். அதுதான் சாளையின் வலை. வாய்வழியாகப் போகிற தண்ணீரை அதில் வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களைத் தின்று வாழ்கிறது. பக்கத்தில் ஒரு சின்னச் சூரையின் செவுளையும் வைத்தால் அந்தச் சீப்பு எவ்வளவு இடைவெளியாக இருக்கிறதென்று பிள்ளைகளே பார்ப்பார்கள், அது மற்ற மீன்களைத் துரத்திப் பிடிக்கிற சாதி என்பதும் அவர்களுக்கே புரியும்.

இங்கிருந்து கேள்விகள் தானாகக் கிளைக்கும். அந்த மிதவை உயிர் எங்கிருந்து வருகிறது? ஆனி ஆடியில் கடல்தண்ணீர் சில்லென்று இருக்கும் என்பது உங்கள் வகுப்பில் பாதிப்பேருக்குத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேல்தண்ணீர் கரையைவிட்டு விலகிப்போகிறது, அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. அடியில் படிந்து கிடந்த சத்தையெல்லாம் அது கூடவே கொண்டுவருகிறது, வயலுக்கு உரம் போட்ட மாதிரி. வெயில் பட்டதும் நுண்பாசிகள் பெருகும், அதைத் தின்னச் சாளை கூட்டமாக வரும். சாளை முட்டை போடுவதும் இந்த மழைக்காலத்தை ஒட்டித்தான். நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை இருப்பது எதற்கென்று இப்போது யாரும் தனியாக விளக்க வேண்டாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிழக்கே சின்னமுட்டம் பக்கம் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடலுக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டத்தில் சொந்தக்காரர் இருக்கிற பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும், அதைக்கொண்டே சொல்ல வையுங்கள்.

அந்தப் பெண்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். மழுப்ப வேண்டாம் டீச்சர். மீன் பிடிப்பது தப்பில்லை, குஞ்சு மீனை அள்ளுவது எல்லோருக்கும் நஷ்டம் என்று நேராகச் சொல்லுங்கள். அவளுக்கு அது புதிதாக இருக்காது, வீட்டிலேயே கேட்டிருப்பாள். பக்கத்துக் கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. ஸ்கேலை எடுத்து மேசையில் இருக்கிற பத்தையும் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கேரளக் கரையில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் சாளை கிடைத்தது, 2021இல் அது மூவாயிரத்துச் சொச்சம் டன்னாக விழுந்தது, அப்புறம் திரும்பவும் ஏறியது. கடல் சூடாவது, மழை மாறுவது, குஞ்சைப் பிடிப்பது என்று பல காரணங்கள் அதில் பின்னிக் கிடக்கின்றன. மொத்தப் பழியையும் வள்ளத்தில் போகிற ஓர் அப்பாவின் தலையில் வைக்கிற பாடம் அறிவியல்படியே தவறு.

அந்த அப்பாவையே வகுப்புக்குக் கூப்பிடுங்கள். கரையே கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிற தூரத்தில், தண்ணீருக்கு அடியில் இருக்கிற 'பார்' என்கிற பாறைத்திட்டை எப்படிச் சரியாகக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். கோவில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலை முகடும் ஒரே நேராக வரும்வரை வள்ளத்தை நகர்த்துவார்கள். இன்னொரு திசையில் வேறு இரண்டு அடையாளங்களும் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தூண்டிலை இறக்கினால் கீழே அந்தப் பார் இருக்கும். ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். இதைப் பள்ளி மைதானத்திலேயே செய்யலாம். கொடிக்கம்பமும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு கோடு, வேப்பமரமும் வகுப்பு வாசலும் இன்னொரு கோடு. வெட்டுகிற இடத்தில் ஒரு கல்லைப் புதைத்துவிட்டு, அடையாளத்தை மட்டும் சொல்லி அடுத்த குழுவைத் தேடவிடுங்கள். கணக்கில் பின்தங்கி உட்கார்ந்திருக்கிற பிள்ளை அன்றைக்கு முதலில் ஓடிப்போய்த் தோண்டுவதை நான் வேறொரு பள்ளியில் என் கண்ணால் பார்த்தேன்.

குப்பை பற்றியும் பேசத்தான் வேண்டும். 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எல்சா 3 கப்பல் மூழ்கியபோது அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் நம் கரைவரை வந்து ஒதுங்கின, பிள்ளைகள் கையில் அள்ளியே பார்த்திருப்பார்கள். ஒரு வாளி கரைமண்ணை உப்புத்தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் மண் அடியில் போகும், குருணை மேலே மிதக்கும். மீன்முட்டை மாதிரியே உருண்டையாக இருக்கும் அதை ஒரு மீன் என்னவென்று நினைக்கும் என்று கேளுங்கள். பாடம் அவ்வளவுதான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கரைக்குக் கூட்டிப்போனால் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, காற்றே இல்லாத நாளாக இருந்தாலும். எங்கோ தென்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் திடீரென்று ஏறும், இதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகளை அப்படித்தான் பறிகொடுத்தோம். எச்சரிக்கை இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள், ஊர்க்காரர் இருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஜூன் மாதம் திறக்கும்போது உங்கள் பக்கம் தடைக்காலம் தொடங்கியிருக்கும். விசைப்படகில் போகிறவர்கள் கரையில்தான் இருப்பார்கள், வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு. அந்தப் பெண்பிள்ளையின் அப்பா விசைப்படகில் போகிறவர் என்றால் அவரைக் கூப்பிட அதைவிட நல்ல நேரம் கிடையாது. சாளையை வாங்கிக்கொண்டு வரச்சொல்லி அவரிடமே சொல்லிவிடுங்கள், நல்லதாகப் பார்த்து எடுப்பார். பிள்ளைகள் அளந்த நீளத்தையெல்லாம் எனக்கு எழுதி அனுப்புங்கள்.