மிதக்கும் பிளைண்டில் வாத்து வேட்டை: துப்பாக்கியைத் தொடும் முன் உரிமம் வாங்குங்கள்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நாஷ்வில்லில் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறேன். ஜனவரியில் ஆபீஸ் நண்பர்கள் கைடு ஒருவரை வைத்து கென்டக்கி ஏரிக்கு வாத்து வேட்டைக்குப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். ஏரிக்குள் மிதக்கும் பிளைண்டில், அதாவது மறைவிடத்தில், உட்கார்ந்து சுடுவார்களாம். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை, அவர்களே ஒன்று தருவதாகச் சொல்கிறார்கள். என்ன தயாரிப்பு வேண்டும்? சுட்ட வாத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சமைக்கலாமா?"

தாராளமாகப் போகலாம். ஆனால் "அவர்களே ஒன்று தருகிறார்கள்" என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைத்தான் பேச வேண்டும். எச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். அதற்குச் சில விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துவது, அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. உரிமம் இல்லாமல் நண்பரின் துப்பாக்கியை ஐந்து நிமிடம் கையில் பிடித்தாலும் அது 'வைத்திருத்தல்' என்ற கணக்கில்தான் வரும், துப்பாக்கி யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. சுடும் பயிற்சிக் கூடத்தில் பறக்கவிடும் மண் தட்டுகளைச் சுட்டுப் பழகுவதற்கும் இதே சட்டம்தான். உங்கள் நண்பர் யாரிடமாவது கிரீன் கார்டு இருந்தால் அவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அதனால் அவருக்கு இது தெரியாமலே இருக்கலாம், கைடுக்கும் தெரியாமல் இருக்கலாம். குற்றம் என்று வந்தால் விசாவே போகும் அளவுக்குப் பெரிய விஷயம் என்பதால், உங்கள் விசா நிலையைச் சொல்லி ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஆகவே வரிசை இதுதான்: வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, அப்புறம் உரிமம், அப்புறம் துப்பாக்கிப் பழக்கம், கடைசியாகத்தான் ஏரி. நீங்கள் இருக்கும் டென்னசி மாநிலத்தில் (கென்டக்கி ஏரி இதற்குள்ளும் நீள்கிறது) 1969 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி கட்டாயம். பயிற்சி முடிக்காதவர் அனுபவசாலி ஒருவரோடு போக 'அப்ரண்டிஸ்' உரிமம் என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. துப்பாக்கியையே தொடாத ஒருவர், இருட்டில், ஆடும் தரையில், நாலைந்து பேருக்கு நடுவில் தோட்டா போடப் போகிறார். பயிற்சியின் பெரும்பகுதியை ஆன்லைனிலேயே முடிக்கலாம், ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள்.

உரிமத்தோடு காகித வேலை முடியவில்லை. வாத்து புலம்பெயர் பறவை என்பதால் டென்னசியின் புலம்பெயர் பறவை அனுமதியும் வேண்டும், 16 வயதோ அதற்கு மேலோ ஆன எல்லோருக்கும் மத்திய அரசின் டக் ஸ்டாம்ப்பும், அதாவது தபால்தலை மாதிரியான வாத்து வேட்டை அனுமதியும் வேண்டும். ஸ்டாம்ப் விலை 25 டாலர். காகித ஸ்டாம்ப் என்றால் அதன் முகத்தின் மேலேயே மையால் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் செல்லாது. 2023-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மின்னணு ஸ்டாம்ப்பே சீசன் முழுக்கச் செல்லும். இந்த 25 டாலரை யாரும் முணுமுணுக்காமல் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. இந்த ஸ்டாம்ப் 1934-லிருந்து இருக்கிறது. வேட்டைக்காரர்கள் போட்ட பணத்தில்தான் நாட்டின் எத்தனையோ சதுப்பு நிலங்கள் வயலாகாமல், கட்டடமாகாமல் தப்பின. வேட்டையே தடை செய்யப்பட்ட நாட்டிலிருந்து வந்த நமக்கு இது முதலில் முரணாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் அந்த நிலங்களைப் போய்ப் பார்த்தால் கணக்கு புரியும்.

சரி, பிளைண்டுக்கு வருவோம். வாத்தின் கண்ணில் படாமல் வேட்டைக்காரர்கள் உட்காரும் மறைவிடம்தான் பிளைண்ட். மிதக்கும் பிளைண்ட் என்றால் மிதவைகளின் மேல் பலகைத் தளம், சுற்றிலும் தடுப்பு, அதன்மேல் நாணலும் ஓக் கிளையும் செருகி, உள்ளே ஒரு நீள பெஞ்சு, ஓரத்தில் நாய்க்கு ஒரு மேடை. கென்டக்கி ஏரியில் ஏன் மிதக்க வேண்டும்? அது அணைக்கட்டு ஏரி. கோடையில் கடல் மட்டத்துக்கு மேல் 359 அடியில் இருக்கும் நீரை, வெள்ளத்துக்கு இடம் வைப்பதற்காகக் குளிர்காலத்தில் 354 அடிக்கு இறக்குகிறார்கள். பெருமழை பெய்தால் இடையில் சட்டென்று ஏறவும் செய்யும். கம்பம் நட்டுக் கட்டிய பிளைண்ட் ஒரு வாரம் மூழ்கும், அடுத்த வாரம் அந்தரத்தில் நிற்கும். மிதப்பதோ நீரோடு ஏறி இறங்கி, எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கும். உட்காரும் பள்ளம் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும் 'சிங்க்பாக்ஸ்' என்ற பழைய வகைக்கு மத்திய அரசின் தடை இருக்கிறது, பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். நீங்கள் போகும் வகையில் ஆட்கள் நீருக்கு மேலேதான் இருப்பார்கள்.

மிதக்கும் தளத்தில் ஒருவர் எழுந்தால் எல்லோருக்கும் கால் ஆடும். அதனால்தான் கைடு சொல்லாமல் யாரும் எழக் கூடாது. படகில் போகும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கவே கூடாது, பிளைண்டில் ஏறி, துப்பாக்கியை அதற்குரிய இடத்தில் சாய்த்து, கைடு சொன்ன பிறகுதான் போட வேண்டும். உங்களுக்கு நேர் முன்னால் இருக்கும் வானம் மட்டும்தான் உங்களுடையது. வாத்து பக்கத்தில் இருப்பவரின் தலைக்கு மேல் போனால் அது அவருடைய வாத்து, குழலை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். தாழப் பறப்பதைச் சுடவே வேண்டாம், அந்த நேரத்தில் நாய் தண்ணீரில் இருக்கலாம்.

குளிரை விட எனக்குக் கவலை வேடர்ஸ்தான், அதாவது மார்பு வரை வரும் ரப்பர் உடை. அதைப் போட்டுக்கொண்டு ஜனவரித் தண்ணீரில் விழுந்தால் மூச்சு திணறும், உடைக்குள் நீர் புகுந்தால் கரை ஏறுவதே பெரும்பாடு. இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள், படகில் உயிர்காப்பு ஜாக்கெட்டைப் போட்டே உட்காருங்கள், சீட்டுக்கு அடியில் வைத்தால் பிரயோஜனமில்லை. பிளைண்டுக்குள் கேஸ் ஹீட்டர் எரிந்தால் காற்று வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இரவல் துப்பாக்கியை வாங்கியதும் இரண்டு விஷயத்தை நீங்களே சோதியுங்கள். குழலிலும் மேகசினிலும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு இருக்க வேண்டும். தோட்டாவில் ஈயக் குண்டு இருக்கக் கூடாது. நீரடியில் விழுந்த ஈயத்தைத் தின்று வாத்துகள் நஞ்சேறிச் செத்ததால் 1991-லிருந்து நாடு முழுக்கத் தடை. ஸ்டீல், பிஸ்மத் மாதிரி அனுமதித்தவை மட்டும்தான். இரவல் கோட்டின் பாக்கெட்டில் பழைய ஈயத் தோட்டா ஒன்று கிடந்தாலும் வழக்குதான், ஆகவே பாக்கெட்டையும் துழாவுங்கள். 12 கேஜ் (குழல் அளவு) துப்பாக்கியில் 3 அங்குல நீள, 2 அல்லது 3-ஆம் எண் அளவுக் குண்டுள்ள ஸ்டீல் தோட்டா போதும். 35 கஜத்துக்கு அப்பால் சுடாதீர்கள். தூரத்திலிருந்து சுட்டால் காயம்பட்ட வாத்து நாணலுக்குள் போய்க் கிடந்து சாகும். அதை நான் மன்னிக்க மாட்டேன்.

வாத்தைக் கூவி அழைப்பது, பொம்மை வாத்துகளைக் காற்றுக்கு ஏற்றபடி பரப்புவது எல்லாம் கைடின் வேலை. உங்கள் வேலை அசையாமல் இருப்பதும், மேலே வட்டமிடும்போது முகத்தைத் தூக்கிப் பார்க்காமல் இருப்பதும்தான். எத்தனை சுடலாம் என்ற கணக்கு மட்டும் உங்களுடையது. டென்னசி அடங்கும் மிசிசிப்பி பறவைப் பாதையில் (புலம்பெயர் பறவைகளின் வழித்தடம்) பல வருடமாக ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 6 வாத்து, அதில் மல்லார்ட் என்ற இனம் 4, அந்த நாலில் பெட்டை 2-க்கு மேல் போகக் கூடாது. சில இனங்களுக்கு வரம்பு அவ்வப்போது மாறும், அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போங்கள். நண்பரின் கணக்கில் நீங்கள் சுட முடியாது. இனம் தெரியவில்லையா, சுட வேண்டாம், கைடைக் கேளுங்கள். பிளைண்டைச் சுற்றிச் சோளம் தூவியிருந்தால் உடனே கிளம்பிவிடுங்கள். இரை தூவிய இடத்தில் சுடுவது குற்றம், இரையை அள்ளிய பிறகும் பத்து நாள் அந்த இடத்துக்குத் தடை இருக்கும்.

முன்பணம் கட்டும் முன் கைடிடம் கேளுங்கள்: ஒரு பிளைண்டில் எத்தனை பேர், காற்றோ பனிக்கட்டியோ போகவிடாமல் செய்தால் பணம் திரும்புமா, வேடர்ஸும் தோட்டாவும் சேர்த்தா, புது ஆளுக்குப் பக்கத்தில் அவர் உட்காருவாரா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

சமையல்: கொண்டுவரலாம். வீடு வந்து சேரும் வரை ஒவ்வொரு வாத்திலும் தலையோ, இறகோடு ஒரு சிறகோ ஒட்டியிருக்க வேண்டும், அதிகாரி இனத்தை அடையாளம் காண அதுதான் வழி. உங்கள் வாத்தை வேறு யார் பொறுப்பிலாவது விட்டால் கையெழுத்து, முகவரி, எண்ணிக்கை, இனம், சுட்ட தேதி எழுதிய சீட்டு கட்டுங்கள். காட்டு வாத்தின் மார்புக் கறியில் கொழுப்பு குறைவு, ஊரில் வைக்கிற வாத்துக் குழம்பு மாதிரி கொதிக்க விட்டால் ஈரல் வாசம் அடித்து விறைத்துவிடும். மார்பை மெல்லிசாக நறுக்கி மிளகு போட்டுச் சூடான சட்டியில் சட்டென்று வதக்குங்கள், காலைத் தனியாகக் குக்கரில் வையுங்கள். நறுக்கும்போது குண்டு போன தடத்தை விரலால் தடவி ஸ்டீல் உருண்டைகளை எடுத்துவிடுங்கள், பல் உடையும்.