சின்ன ஏரியில் பெரிய பைக் மீன் கிடைக்குமா?

அமெரிக்காவின் வட மினசோட்டாவில் உள்ள சின்ன ஏரியில் நார்தர்ன் பைக் (மற்ற மீன்களைத் தின்னும் நன்னீர் மீன்) நிறைய மாட்டுகிறது, ஆனால் எல்லாமே சிறிசு, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏரியில் பைக் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது என்பதுதான் காரணம். கரையோரக் களைச்செடிகளில் அது தாராளமாக முட்டையிடும். குஞ்சுகள் பெருகப் பெருக அவற்றின் இரையான மஞ்சள் பெர்ச் மீன் குறையும், பசியில் பைக்கின் வளர்ச்சி நின்றுவிடும். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்: தலை மட்டும் பெரிதாக, வயிறு ஒட்டிப்போய் இருக்கும். பெரிய பைக்குக்குக் கோடையில் குளிர்ந்த ஆழநீரும் கொழுத்த இரையும் வேண்டும். ஆழமில்லாத ஏரியில் இரண்டும் இருக்காது.

இதில் நம் பங்கும் உண்டு. பெரியதை வீட்டுக்குக் கொண்டுபோய், சின்னதைத் திரும்ப விடுகிறோம். குட்டிகளைத் தின்று கட்டுக்குள் வைப்பதே அந்தப் பெரிய மீன்தான். அதனால்தான் 2018இல் மாநிலத்தின் வட-மத்தியப் பகுதிக்கு விதியை மாற்றினார்கள்: 10 பைக் வரை வைத்துக்கொள்ளலாம், 22 முதல் 26 அங்குலம் வரை உள்ளதை விட்டுவிட வேண்டும், 26க்கு மேல் இரண்டுதான். நல்ல விதி என்பேன்.

அப்புறம் பனிக்காலம். உறைந்த ஏரியின் மேல் பனி மூடினால் வெளிச்சம் போகாது, ஆக்சிஜன் குறையும், புளூகில் என்ற சின்ன மீன் கூட்டமாகச் சாகும். பைக் ஓரளவு தாங்கிவிடும், அதனால் அதன் கூட்டம் அவ்வளவாகக் குறையாது.

சின்ன பைக்கை வீணென்று நினைக்காதீர்கள். முள்ளை நீக்கி வறுத்தால் அருமையான மீன். பெரியதுதான் வேண்டுமென்றால் ஆழமான வேறு ஏரிக்குப் போங்கள்.