எச்சிலைச் சோதித்தால் சர்க்கரை தெரியுமா?

அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை. எனக்கு 31 வயது, இன்னும் வரவில்லை. எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்து, வருமா வராதா என்று சொல்லிவிடுவார்களாம். பார்க்கலாமா?
- திருச்சி வாசகர்

அந்தப் பணத்துக்கு நடப்பதற்கேற்ற நல்ல ஷூ வாங்குங்கள். 2006இல் கண்டறியப்பட்ட டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் மாற்றம்தான் பரவலாகக் காணப்படுபவற்றில் வலுவானது. அதன் ஒரு பிரதி ஆபத்தைக் கூட்டுவதே ஏறத்தாழ 1.4 மடங்குதான். 25 லட்சம் பேரின் தரவை அலசி 2024இல் வெளியான ஆய்வு, சர்க்கரையோடு தொடர்புடைய 611 இடங்களை மரபணுத் தொகுப்பில் சுட்டியது. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை அளவுதான். பெற்றோர் இருவருக்கும் இருக்கிறது என்பதே உங்களுக்குக் கிடைத்துவிட்ட சோதனை முடிவு. ஆண்டுக்கொரு முறை வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தம் பாருங்கள்.

சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் சென்னையில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றாண்டில் நோய் வந்தது; உணவையும் நடையையும் சீர்செய்தவர்களில் 39 சதவீதம். யாருடைய மரபணுவையும் பார்த்து அவர்களைப் பிரிக்கவில்லை.

மகளுக்கு 19 வயது, ஒல்லி. டைப் 1 என்று இன்சுலின் போடுகிறோம். என் கணவருக்கு 24 வயதிலும் மாமனாருக்கு முப்பதுக்குள்ளும் சர்க்கரை வந்தது. அவர்களும் ஒல்லிதான்.
- காரைக்குடி வாசகி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் முன்னால் உட்கார்ந்திருந்தால் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கட்டமும் வட்டமும் போட்டுக் குடும்ப மரம் வரைந்திருப்பேன். மூன்று தலைமுறை, இளவயது, ஒல்லி உடம்பு: இளவயதிலேயே பரம்பரையாக வரும் ‘மோடி’ வகைச் சர்க்கரையைச் சந்தேகிக்க வேண்டிய படம் இது. (பெயரைக் கேட்டுச் சிரிக்காதவர் குறைவு, அரசியல் ஏதுமில்லை, MODY என்பது ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்.) இங்கே ஒரே மரபணுவின் பழுதுதான் காரணம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

முதலில் கணையத்தை எதிர்க்கும் ஆன்டிபாடி, சொந்த இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடு இரண்டையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிபாடி இல்லாமல், சொந்த இன்சுலின் இன்னும் சுரந்துகொண்டிருந்தால் மரபணுச் சோதனைக்குச் செலவழிப்பதில் தப்பேயில்லை. எச்என்எஃப்1ஏ என்ற மரபணுவில் பழுதென்றால் சல்ஃபோனைல்யூரியா வகையில் குறைந்த அளவு மாத்திரையே பலருக்குப் போதும், விலையும் மலிவு. ஜிசிகே என்ற மரபணுவில் பழுதென்றால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே ஊசியை நிறுத்திவிடாதீர்கள். சொந்த இன்சுலின் வற்றிப்போகும் டைப் 1 ஆக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

அண்ணன் பருமன், மாத்திரையில் சமாளிக்கிறார். நான் மெலிவு, டாக்டர் இன்சுலின் என்கிறார். ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு வைத்தியமா?
- தஞ்சாவூர் வாசகர்

ஆமாம், அதில் நியாயம் இருக்கிறது. டைப் 2 என்பது ஒரே நோயல்ல. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2018இல், பெரியவர்களுக்கு வரும் சர்க்கரையை ஐந்தாகப் பிரித்தார்கள். சென்னை ஆய்வாளர்கள் 2020இல் 19,084 பேரை வைத்து இந்திய டைப் 2 நோயாளிகளை நான்காகப் பிரித்தார்கள். வயது, எடை, இடுப்பளவு, கொழுப்பு, சி-பெப்டைடு போன்றவையே அளவுகோல், மரபணு அல்ல. அண்ணனுக்கு இன்சுலின் இருந்தும் வேலை செய்யவில்லை, உங்களுக்குச் சுரப்பதே போதவில்லை என்று தோன்றுகிறது. சுரப்பு குறைந்த அந்தக் கூட்டத்தில் விழித்திரைப் பாதிப்பு அதிகம் என்பதால் இந்த மாதமே கண்ணைக் காட்டுங்கள்.

மெலிவையும் நம்பிவிடாதீர்கள். புணே, லண்டன் மருத்துவர்கள் இருவரின் படம் 2004இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2.

அரிசியா, சிறுதானியமா என்பதை மரபணு பார்த்துச் சொல்ல முடியுமா?
- சேலம் வாசகி

இன்றைக்கு முடியாது. விரல் நுனியும் குளுக்கோமீட்டரும் போதும். ஒரு நாள் மூன்று இட்லி, மறுநாள் கேழ்வரகுக் கூழ். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்து எழுதிவையுங்கள். கூழ் பலரை ஏமாற்றியிருக்கிறது.