நாள் பார்த்துப் பிரித்த பார்சல்

கேள்வி: புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக, பெங்களூரில் இருக்கும் மகன் இணையத்தில் நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒன்றை வாங்கி அனுப்பினான். கூடவே, நான் ஆசைப்பட்டேன் என்று 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும். ஆடியில் வேண்டாம் என்று பார்சலை அப்படியே பூஜை அறையில் வைத்திருந்து, ஆவணி பிறந்ததும் பிரித்தேன். விளக்கு தக்கையாக இருக்கிறது. தண்டில் மரை பிடிக்காமல் தட்டு ஒரு பக்கம் சாய்கிறது. புத்தகத்தில், வந்தியத்தேவன் குடந்தை சோதிடர் வீட்டுக்கு வரும் இடத்தில் 16 பக்கங்களைக் காணவில்லை. அதற்கு முந்தைய 16 பக்கங்கள் இரண்டு முறை இருக்கின்றன. ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள். 'ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டி எழுதிவிடுங்கள் அம்மா, போகட்டும்' என்கிறான் மகன். விட்டுவிடவா?
– குடவாசல் வாசகி

பதில்: விடாதீர்கள் அம்மா. திட்டவும் வேண்டாம், அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலில் உங்கள் மீது ஒரு சின்னக் கோபம். கும்பகோணம் பஸ் ஏறினால் வழியிலேயே நாச்சியார்கோயில். அந்த ஊர்க் கோயிலில் கல் கருடன் புறப்பாடு பார்த்திருப்பீர்கள். சன்னதியை விட்டு வெளியே வர வரக் கருடனுக்குக் கனம் கூடும். நாலு பேர் தூக்கியது எட்டாகி, பதினாறாகிப் பெருகும். உங்களுக்கு வந்த விளக்கு அதே ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டு, படத்திலிருந்து வெளியே வரும்போதே கனத்தை இழந்திருக்கிறது! ஆசையாக அனுப்பிய பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பார்சலுக்கெல்லாமா ஆடி, ஆவணி பார்ப்பது?

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். விளக்கைப் பக்கத்து மளிகைக் கடைக்கு எடுத்துப் போய்த் தராசில் வையுங்கள். எடை காட்டும் எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் எத்தனை கிலோ என்று போட்டிருந்தார்களோ, அதையும் மகனிடம் சொல்லிப் படமாகச் சேமிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் நாளைக்கே மாறிவிடலாம். ஒரு காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். பார்சலில் அனுப்பியவர் முகவரி எந்த ஊர் என்றும் பாருங்கள். காவிரிப் படுகை வண்டல் மண்ணில் அச்செடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றி, அடி, தண்டு, தட்டு, உச்சி அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டுப் பூட்டுவது நாச்சியார்கோயில் பத்தர்களின் வேலை. அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறெங்கோ செய்த விளக்குக்கு அதைச் சூட்டி விற்பது வெறும் வாய்ச்சவடால் அல்ல, தவறு.

ஏழு நாள் கெடு அவர்கள் போட்ட விதி. 2020-இல் வந்த மின்வணிக விதிகளோ, பொருள் பழுதாக இருந்தாலும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலும் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. எனவே அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எடை, படம், பில் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுவரை காலம் உண்டு. பில் மகன் பெயரில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை: அவர்களுடைய 'கஸ்டமர் கேர்' எண்ணை இணையத்தில் தேடி எடுத்துப் பேசாதீர்கள். அப்படி வைத்த போலி எண்களில் பேசி வங்கிக் கணக்கைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. தளத்துக்குள்ளேயே இருக்கும் எண்தான் எண்.

புத்தகம் வேறு கதை. 16 பக்கங்கள் என்று எண்ணிச் சொன்னீர்களே, அதற்கு நன்றி. அச்சகத்தில் அதை ஒரு ஃபாரம் என்பார்கள். பைண்டிங்கில் ஒரு ஃபாரத்தை இரண்டு முறை வைத்து அடுத்ததை விட்டிருக்கிறார்கள். விலை குறைவு என்பதால் திருட்டுப் பதிப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, யாரும் அச்சிடலாம். அதனால்தான் மலிவுப் பதிப்புகள் இத்தனை. பதிப்பு விவரப் பக்கத்தில் முகவரி இருந்தால் பதிப்பகத்துக்கே படத்தோடு எழுதுங்கள். பெயரை மதிக்கிற பதிப்பகம் வேறு பிரதி அனுப்பும். அந்தப் பக்கமே இல்லையென்றால், விளக்குக்குச் சொன்ன வழிதான்.

இனி விமர்சனம். எழுதுங்கள், தமிழிலேயே. 'மோசடி, யாரும் வாங்காதீர்கள்' என்பதை நானும் நூறு முறை படித்துத் தாண்டிப் போயிருக்கிறேன். 'இத்தனை கிலோ என்றார்கள், தராசில் இத்தனைதான், மரை பிடிக்கவில்லை, படம் பாருங்கள்' என்று நாலு வரி இருந்தால் அடுத்தவர் நின்று படிப்பார். வாங்கும்போதும் ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியைத் தள்ளிவிட்டு, மூன்று நட்சத்திரக்காரர்கள் எழுதியதைத் தேடுங்கள். ஒருமுறை ஒரு பித்தளைத் தாம்பாளத்தின் கீழே 'சாயம் போகவில்லை, மெத்தைக்குச் சரியான அளவு' என்று வரிசையாகப் பாராட்டு! பழைய படுக்கை விரிப்புப் பக்கத்தில் தாம்பாளத்தை ஏற்றியிருந்தார்கள்.

நான் ஏமாந்த கதையும் உண்டு. தண்ணீர் வைக்கச் செப்புக் குடம் வாங்கினேன். என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. கொலு பொம்மைகளுக்கு நடுவே வைக்கிற குடம்! உயரத்தைச் சென்டிமீட்டரில் ஒழுங்காகவே போட்டிருந்தார்கள், படத்தில் மயங்கி நான்தான் படிக்கவில்லை. அதற்குப் புகார் எழுதவில்லை. இன்றும் பேனா போட்டு வைத்திருக்கிறேன். உங்களுடையது அப்படியல்ல.

புகார் முடியும்வரை விளக்கில் மரை திருத்தவோ புளி போட்டுத் துலக்கவோ வேண்டாம், வந்தபடியே இருக்கட்டும். கிரகப்பிரவேசத்துக்கு நேரில் போய், கையில் தூக்கிப் பார்த்து ஒன்று வாங்கிவிடுங்கள். குடந்தை சோதிடர் என்ன சொன்னார் என்பதற்கு மாற்றுப் பிரதி வரும்வரை காத்திருக்க முடியாது என்றால், பக்கத்துக் கிளை நூலகத்தில் முதல் பாகத்தைக் கேளுங்கள். 16 பக்கங்கள்தானே, அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வந்துவிடலாம்.